கடனுக்கு இரண்டு சம்பளம், ஊருக்கு ஒரு சம்பளமா?

"கல்யாணம் முடிஞ்ச கையோட ஒரு வீட்டை வாங்கிப் போட்டுரு தம்பி. எந்த ஊரா இருந்தா என்ன, லோன் பாஸ் ஆனா போதும்." கோல சிலாங்கூர் பக்கம் எந்தக் கல்யாண விருந்தில் உட்கார்ந்தாலும் சாம்பார் வருவதற்குள் இந்த அறிவுரை வந்துவிடும். பெரியப்பா சொல்வார், தோட்டத்தில் கிராணியாக இருந்த மாமா சொல்வார், புஞ்சாக் ஆலாமில் ஏற்கெனவே வாங்கிவிட்ட மச்சான் கொஞ்சம் கூடுதல் சத்தமாகச் சொல்வார். எல்லாமே மாப்பிள்ளைக்குத்தான். மணப்பெண்ணிடமும் எங்கேம்மா வேலை என்று கேட்பார்கள். அவள் கிள்ளான் என்றாலும் காஜாங் என்றாலும் தலையாட்டிவிட்டு மறுபடி மாப்பிள்ளை பக்கம் திரும்பிவிடுவார்கள்.

வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களிலிருந்து கிளம்பும் இளம் தம்பதிகளில் பெரும்பாலோர் ஊர் தேர்ந்தெடுப்பது இப்படித்தான். மாப்பிள்ளையின் வேலைக்கு எட்டுகிற தூரத்தில், வங்கி சம்மதிக்கிற விலையில் ஒரு தரைவீடு கிடைக்க வேண்டும். அது எங்கே கிடைக்கிறதோ அதுவே ஊர். இந்த முறை தவறு என்கிறேன். வீடு வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. ஊரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை வீட்டிடமும் வங்கியிடமும் ஒப்படைத்துவிட்டு, அதற்குப் புத்திசாலித்தனம் என்று பெயர் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

பெரியவர்களின் அவசரத்துக்குக் காரணம் உண்டு. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. போட்டவர் ஹென்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் ரப்பர் மரங்கள் சாயச் சாயச் செம்பனை ஏறியது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. தோட்டங்கள் கைமாறின, சில தாமான்களாயின. வேலை போனதும் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போனது. பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்து பெஸ்தாரி ஜெயாவான ஊரைச் சுற்றியுள்ள மேரி, மின்யாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், நைகல் கார்ட்னர் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் நடையாய் நடந்தார்கள். அவர்களுக்கு 245 வீடுகள் என்பது உருப்படியான பேச்சாக மாறவே 2024 ஆகிவிட்டது. இதைப் பார்த்து வளர்ந்த ஒருவர், பிள்ளையிடம் முதலில் ஒரு கூரையைப் பிடித்துக்கொள் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்?

ஆனால் அந்த அனுபவத்திலிருந்து எடுத்த பாடம் அரைகுறை. லயத்து வீடு சொந்தமில்லை என்பது மட்டுமே அங்கே கொடுமை இல்லை. வேலையும் வீடும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன. ஒன்றை உருவினால் மற்றதும் அவிழ்ந்தது. இரண்டு சம்பளத்தையும் சேர்த்துக் காட்டி, 35 ஆண்டுக் கடன் எடுத்து, அந்த இரண்டில் ஒன்றை நிலைக்கவிடாத ஊரில் போய் உட்கார்ந்தால் அதே முடிச்சைத்தான் இந்த முறை நாமே நம் கையால் போட்டுக்கொள்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது வீட்டு விற்பனைக் கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரி நகரம் இருக்கும். விரற்கடை உயர மரங்கள், நீல பிளாஸ்டிக்கில் ஏரி, நகத்தளவு கார்கள். ஒரு கார்கூட சிக்னலில் நிற்காது. விற்பனை செய்யும் பெண் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, "ரெண்டு பேரோட மூணு மாசப் பேஸ்லிப், சேமநிதி ஸ்டேட்மென்ட் கொண்டு வந்தீங்களா அக்கா?" என்று கேட்பார். கவனியுங்கள், அங்கே மட்டும் கேள்வி அக்காவுக்கு வருகிறது. கார் கடன் பார்ப்பார்கள், பி.டி.பி.டி.என். கல்விக்கடன் பாக்கி பார்ப்பார்கள், சி.டி.ஓ.எஸ். கடன் அறிக்கை எடுப்பார்கள். அக்கா வேலை செய்யும் இடத்தின் முகவரியையும் எழுதச் சொல்வார்கள். அது தவணை நின்றால் தேடுவதற்கு. அங்கிருந்து இந்தப் பிளாஸ்டிக் ஏரிக்கரைக்கு மாலையில் எப்படி வந்து சேருவாள் என்று கேட்க அந்தப் பாரத்தில் கட்டம் இல்லை.

அவனுக்கு 2,800 வெள்ளி, அவளுக்கு 2,400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ஆகிவிட்ட நாட்டில் இது மிகையில்லை. மூன்று லட்சம் வெள்ளிக் கடன், 4 சதவீத வட்டி, 35 ஆண்டு. மாதத் தவணை சுமார் 1,330 வெள்ளி வரும். இரண்டு சம்பளத்தில் இது கால் பங்கு. வங்கி தாராளமாகக் கொடுக்கும். அவள் சம்பளம் நின்றுவிட்டால்? சேமநிதியும் சொக்சோ காப்புறுதியும் பிடித்தபின் அவன் கைக்கு வருவது 2,470 அளவில். பாதிக்கும் மேல் தவணைக்கே போய்விடும். மிச்சத்தில் கார், பெட்ரோல், பால்மாவு, இரு பக்கப் பெற்றோர். ஆகவே இந்த வீட்டைத் தாங்கி நிற்பது அவளுடைய வேலை. அந்த வேலை எந்த ஊரில் நிலைக்கும் என்பதைக் கேட்காமலேயே ஊரை முடிவு செய்கிறோம்.

வாடகை என்பது தண்ணீரில் போட்ட காசு என்று உடனே பதில் வரும். மேலே சொன்ன கடனில் முதல் ஆண்டு கட்டுகிற பதினாறாயிரம் வெள்ளியில் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் வட்டிக்குப் போகிறது. அது எந்தத் தண்ணீர்? வாடகைக்கு இருப்பவன் ஆற்றில் போடுகிறான், கடன் வாங்கியவன் வங்கியின் கிணற்றில் போடுகிறான். வாடகைக்கு இருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. வேலை மாறினால் இரண்டு மாத நோட்டீஸில் ஊரையும் மாற்றலாம். கல்யாணமாகி முதல் நான்கைந்து ஆண்டுகளில்தான் இருவருக்கும் வேலை அதிகமாக மாறுகிறது. அந்த ஆண்டுகளில் பார்த்து ஆணியடித்து உட்காரச் சொல்கிறோம்.

வாடகைக்கு எதிராக ஒரே ஒரு வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வீட்டு விளம்பரத்தில் "சீனருக்கு மட்டும்" என்று போடுவதும், தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்பதும் கிள்ளான் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதைத் தடுக்கும் வாடகைச் சட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே கிடக்கிறது. படித்து, நல்ல சம்பளத்தில் இருக்கும் ஒரு தமிழ்த் தம்பதி வீடு வீடாகக் கேட்டு அவமானப்பட்டபின், போதும், எங்கேயாவது சொந்தமாக வாங்கிவிடுவோம் என்று கிளம்பினால் அவர்களைக் குறை சொல்ல என் நாக்கு எழாது. ஆனாலும் ஒன்று சொல்வேன். வாடகைக்குக் கொடுக்கும் இந்திய வீட்டுக்காரர்கள் நிறைந்த கிள்ளான், காப்பார் மாதிரி இடங்களை, "அந்தப் பக்கமா, வேண்டாம்" என்று நாமே முதலில் அடித்துவிடுகிறோம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது புஞ்சாக் ஆலாம். மச்சான் கோபித்துக்கொள்ளட்டும். வீடு நன்றாக இருக்கிறது, காற்று நன்றாக இருக்கிறது, பசார் மாலாம் பிரமாதம். சாலையும் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். 2005இல் குத்ரி நெடுஞ்சாலை, 2011இல் ஈஜோக்கிலிருந்து டெம்ப்ளர் வனப்பூங்கா வரை லாத்தார், 2022இல் டாஷ். எல்லாவற்றுக்கும் டோல். ரயில் மட்டும் வரவில்லை. எம்.ஆர்.டி. வேண்டுமானால் சுங்கை பூலோவுக்குப் போக வேண்டும். ஷா ஆலாம் எல்.ஆர்.டி. தடமோ பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளான் ஜொஹான் செத்தியாவுக்குப் போகிறது, இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஆகவே இரண்டு பேர் வேலைக்குப் போக இரண்டு வண்டி வேண்டும். இரண்டாவது காருக்கு வழியில்லாத வீட்டில் மைவி அவளுக்கு, மோட்டார் அவனுக்கு. பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் மோட்டாருக்கு டோல் இல்லை என்று சந்தோஷப்படுகிறோம். மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள் என்பதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால் சொக்சோ கொடுக்கும் என்பது உண்மைதான். ஊரைத் தேர்ந்தெடுக்க அது ஒரு காரணமா?

சாலையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்த நாம் அதை மறந்தது எப்படி என்றுதான் எனக்குப் புரியவில்லை.

தோட்டத்தில் பெண்கள் வேலைக்குப் போகாத காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, ரப்பர் மரம் வெட்டி, வாளி வாளியாக ரப்பர் பால் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு போன நம் பாட்டிகள் ஆணுக்குக் குறையாமல் உழைத்தவர்கள். கைக்குழந்தை இருந்தும் அது நடந்ததற்குக் காரணம் ஆயாக் கொட்டகை. லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தகரக் கூரை. விட்டத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். ஒன்றை ஆட்டி நிறுத்துவதற்குள் அடுத்தது அழும். ஒரு ஆயா, டின்பால் கரைத்த குவளை, ஓரத்தில் ஈரத்துணி. இருட்டோடு பிள்ளையை அங்கே போட்டுவிட்டுத் தாய் மரக்காட்டுக்குள் நடப்பாள். மதியம் பால் எடுத்து முடிந்ததும் வந்து தூக்கிக்கொள்வாள்.

அந்தக் கொட்டகையைப் பற்றிப் பாட்டிகளிடம் கேட்டால் நல்ல வார்த்தை அதிகம் வராது. சொறி, சிரங்கு, மூக்குச்சளி எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. துரைமார் அதைக் கருணையால் நடத்தவில்லை. சட்டம் கேட்டது. அதற்கும் மேலாக, தாய் வராவிட்டால் நிரை வெட்டாமல் கிடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். லாபத்தைத் தவிர வேறு நினைப்பில்லாத தோட்ட நிர்வாகத்துக்கே, புருஷன் பெண்டாட்டி இருவரையும் வேலைக்கு எடுத்தால் குழந்தை எங்கே கிடக்கும் என்பது முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டிய கேள்வியாக இருந்தது. பேத்திக்கு ஊர் பார்க்கும் நாம், நான்கு அறை இருக்கிறதா, மூலை வீடா, கிழக்குப் பார்த்த வாசலா என்றெல்லாம் கேட்டு முடித்து, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, சாவி வாங்கி, பால் காய்ச்சிய பிறகு அவள் வாந்தியெடுக்கும்போதுதான் அந்தக் கேள்விக்கு வருகிறோம்.

2023 ஜனவரியிலிருந்து பேறுகால விடுப்பு 98 நாள், தகப்பனுக்கு 7 நாள். நல்லது. 99ஆவது நாள் காலை? குழந்தைப் பராமரிப்பு மையம் மாலை ஆறு ஆறரைக்குப் பூட்டத் தொடங்கும், தாமதமானால் அபராதம். ஷா ஆலாமில் ஐந்தரைக்கு வேலை முடிந்தவள் மழை நாளில் ஆறரைக்குள் புஞ்சாக் ஆலாம் போய்ச் சேர முடியுமா என்று அந்தச் சாலையில் ஓட்டியவர்களைக் கேளுங்கள். பிள்ளை தமிழ்ப்பள்ளிக்குப் போகத் தொடங்கினால் இன்னொரு கணக்கு. பள்ளி மதியமே விட்டுவிடும். பள்ளி வேன், டிரான்சிட், டியூஷன் என்று மூன்று கைமாறித்தான் பிள்ளை வீடு வரும். லாடாங் புக்கிட் ஈஜோக், லாடாங் சிலாங்கூர் ரிவர், லாடாங் துவான் மீ, லாடாங் கோல்பீல்ட்ஸ் என்று நம் பள்ளிகள் இன்னும் தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. பிள்ளைகள் வந்து குவியும் புதிய தாமான்களுக்கும் அவற்றுக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று வீடு பார்க்கும் அன்றே ஒருமுறை ஓட்டிப் பார்க்கிற தம்பதி எத்தனை பேர்?

"அதான் குழந்தை பொறந்ததும் வேலைய விட்டுருமே" என்பது இதற்கெல்லாம் வைத்திருக்கும் கடைசிப் பதில். சரி. அப்படியானால் அவளுடைய பேஸ்லிப்பை ஏன் விற்பனைக் கூடத்துக்கு எடுத்துப் போனீர்கள்? ஐந்து ஆண்டு வரப்போகும் சம்பளத்தைக் காட்டி முப்பத்தைந்து ஆண்டுக் கடன் வாங்குவதற்குப் பெயர் என்ன? மலேசியாவில் ஆண்களில் 80 சதவீதத்துக்கும் மேல் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள், பெண்கள் 56 சதவீதத்தை ஒட்டித்தான். பெண்களுக்கு ஆசையில்லை என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள், அவர்கள் வேலையை விட்ட ஊர் எது, அந்த ஊரை யார் தேர்ந்தெடுத்தது என்று விசாரிக்கலாம்.

இன்று வாங்காவிட்டால் நாளை விலை ஏறிவிடும் என்கிறார்கள். எல்லா ஊரிலுமா? உலு சிலாங்கூரில் புக்கிட் பெருந்தோங் இருக்கிறது. 1990களில் ஆரவாரமாக எழுந்த நகரம். 1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு கதவும் ஜன்னலும் பெயர்ந்து, உள்ளே மரம் முளைத்த வரிசை வீடுகளுக்காக நாடறிந்த பெயராகிவிட்டது. மலிவு என்று வாங்கிப் போட்டவர்களுக்கு அந்த மலிவே கடைசிவரை நிலைத்தது. ஆனால் சுங்கை சோ கார்த் தொழிற்சாலையில் இருவரும் வேலை செய்யும் ஒரு ஜோடிக்கு அதே புக்கிட் பெருந்தோங் அருமையான ஊர். ஊரில் குறையில்லை. யாருடைய வேலைக்கு அது பக்கம் என்று பார்க்காமல் விலைப்பட்டியலைப் பார்த்துப் போனதுதான் வினை.

சிங்கப்பூர்ச் சம்பளத்துக்காக ஜொகூர் பாருவுக்குக் குடிபோகும் யோசனையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பது உண்மை. விடியுமுன் பாலத்தில் நிற்பவன் ஒருவன், அந்த நேரத்தில் அறிமுகமில்லாத ஊரில் கைக்குழந்தையோடு இருப்பவள் ஒருத்தி என்பதும் உண்மை. இருவரும் பாலம் கடப்பதானால் ஆயாக் கொட்டகைக் கேள்வி இரு மடங்காகத் திரும்பி வரும்.

அப்படியானால் ஊரை எப்படிப் பார்ப்பது? முதலில் அவளுடைய வேலை. இன்றைய வேலை மட்டும் போதாது. அது போனால் அதே தொழிலில் அடுத்த வேலை கொடுக்க இன்னும் இரண்டு மூன்று முதலாளிகள் அரை மணி ஓட்டத்துக்குள் இருக்க வேண்டும். அவளுடையதை முதலில் சொல்லக் காரணம் பெண்ணியம் இல்லை. கூட்டில் எது முதலில் உடையுமோ அதைத்தான் முதலில் முட்டுக்கொடுக்க வேண்டும். அடுத்து, குழந்தையைப் பார்க்கும் கை எங்கே இருக்கிறது. அம்மாவா, மாமியாரா, மையமா, எதுவானாலும் ஆளையும் நேரத்தையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிறகு அவன் வேலை. வீடு இதற்கெல்லாம் பின்னால் வரட்டும். அதுவும் ஓராண்டு அங்கே வாடகைக்கு இருந்து, மழைக்கால மாலைகளைப் பார்த்தபின்.

இப்படிக் கணக்குப் போட்டால் பலருக்குக் கிள்ளான் வந்து நிற்கும். அந்தப் பெயரைச் சொன்னாலே நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அடிதடி ஊராம், வெள்ளம் வருமாம், வீடு பழசாம். ஓரளவு சரிதான். ஆனால் மேரு, காப்பார், புக்கிட் ராஜா, துறைமுகம் என்று நாலா பக்கமும் தொழிற்சாலையும் கிடங்கும். கணக்கர் வேலை போனால் அடுத்த வாரம் இன்னொரு கணக்கர் வேலை. கே.டி.எம். கொமுட்டர் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. அரசு மருத்துவமனையும் உண்டு. தமிழ்ப்பள்ளிகள் ஒன்றுக்குப் பல. பெயரைக் கேட்டதும் போனை வைக்காத வீட்டுக்காரர்கள். கோல சிலாங்கூரில் இருக்கும் பெற்றோரைப் பார்க்க ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் நேராக ஒரு மணி நேரம். ஏரிக்கரைப் பூங்கா இல்லைதான்.

இன்னும் சிலருக்குக் கணக்கு எங்கும் போகச் சொல்லாது. இதைச் சொன்னால்தான் பெரியப்பாவுக்கு உண்மையில் கோபம் வருகிறது. படிக்க வைத்தது தோட்டத்துப் பக்கமே கிடக்கவா என்பார். அவர் படிக்க வைத்தது பிள்ளைகள் தோட்டத்து வேலையிலிருந்து விடுபட. அது எப்போதோ நடந்துவிட்டது. அந்த வட்டாரத்தை விட்டு ஓடுவது தனி லட்சியமாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் செம்பனை ஆலையில் அவன் மெக்கானிக், தஞ்சோங் காராங் மருத்துவமனையில் அவள் தாதி என்று ஒரு ஜோடியை நினைத்துப் பாருங்கள். நடுவில் கோல சிலாங்கூர் டவுனில் வாடகை வீடு. அவன் போவது சுற்றுலாக்காரர்கள் மின்மினி பார்க்க வரும் கம்போங் குவாந்தான் வழியே, எதிரில் வரும் செம்பனை லாரிதான் நெரிசல். அவள் இரவு ஷிப்ட் முடிந்து வரும் சாலையில் டோல் இல்லை. புக்கிட் ரோத்தானில் அவள் அம்மா, பிள்ளையைக் கொண்டு வா என்று தினமும் போன் போடுகிறார். இவர்களை ஷா ஆலாமுக்கு மாறச் சொல்பவர், அங்கே இந்த மூன்றில் எது இவர்களுக்காகக் காத்திருக்கிறது என்று காட்டிவிட்டு மாறச் சொல்லட்டும்.